கருத்துப் புத்தகத்தில் நான் எழுதிய இரண்டு வார்த்தை

(நமது குடியிருப்பு நூலக அறையில் நடந்த வாசகர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

சமீபத்தில் வந்த நாவல்களை அறிமுகப்படுத்தச் சொன்னார்கள். அதற்கு முன் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த மேசையில் ஒரு கருத்துப் புத்தகம் இருக்கிறதல்லவா? போன வருடம் அதில் ஒரு காதல் நாவலைப் பற்றி 'நேர விரயம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். படித்தது நாற்பது பக்கம்தான். பி பிளாக்கில் இருக்கும் ஒரு அம்மா அதே நாவலை ஆசையாகப் படித்துமுடித்துத் திருப்பிக்கொடுக்க வந்தபோது அதைப் பார்த்திருக்கிறார். அதோடு இந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். "பெரிய பெரிய புக் படிக்கிறவங்க வர்ற இடம், நமக்கு எதுக்கு?" என்று லிஃப்டில் என் மனைவியிடம் சொன்னாராம். நமக்கு இருக்கிற வாசகர்களே கொஞ்சம்.

அந்த நாவல் எமிலி ஹென்றி எழுதி 2020-இல் வந்த 'பீச் ரீட்'. வெட்கத்தோடு மறுபடி எடுத்து முழுவதும் படித்தேன். இறந்துபோன அப்பா விட்டுச்சென்ற ஏரிக்கரை வீட்டுக்கு வருகிறாள் ஒரு காதல் கதை எழுத்தாளர். பக்கத்து வீட்டில் 'சீரியஸ்' நாவலாசிரியர் ஒருவர், அவளுடைய கல்லூரிக்காலப் போட்டியாளர். இருவரும் பந்தயம் கட்டுகிறார்கள்: அவள் இருண்ட கதை எழுத வேண்டும், அவர் சுபமாக முடியும் காதல் கதை எழுத வேண்டும். காதல் கதை என்றாலே இளக்காரமாகப் பார்ப்பவர்கள் மேல் அவளுக்குக் கோபம். அதாவது, என்னைப் போன்றவர்கள் மேல்! இருவரும் சேர்வார்கள் என்பது முதலிலேயே தெரியும்தான். எப்படிச் சேர்கிறார்கள், வழியில் அப்பாவை அவள் எப்படிப் புரிந்துகொள்கிறாள் என்பதுதான் கதை. நான் முடிவு தெரிந்துவிட்டதே என்று குறைபட்டுக்கொண்டேன். கல்யாண வீட்டுக்குப் போய் 'கடைசியில் தாலி கட்டிவிடுவார்கள்' என்று அலுத்துக்கொள்வது மாதிரி.

நான் இப்போது ஒரு நாவலைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் கேட்டுக்கொள்வது இதுதான்: இந்த வகைக் கதை எனக்கு என்ன தருவதாகச் சொன்னது, தந்ததா?

ரிச்சர்ட் ஆஸ்மனின் 'தி தர்ஸ்டே மர்டர் கிளப்'பை எடுத்துக்கொள்ளுங்கள். இதுவும் 2020. நம்மைப் போன்ற குடியிருப்புவாசிகள் கட்டாயம் படிக்க வேண்டியது. இங்கிலாந்தில் கென்ட் பகுதியில், ஓய்வுபெற்றவர்கள் வாழும் ஒரு குடியிருப்பு. முன்னாள் உளவாளி எலிசபெத், நர்ஸாக இருந்த ஜாய்ஸ், தொழிற்சங்கத் தலைவராக இருந்த ரான், மனநல மருத்துவர் இப்ராஹிம் என்று நான்கு பேர் வியாழக்கிழமைதோறும் கூடி, துப்புத் துலங்காத பழைய கொலை வழக்குகளை அலசுகிறார்கள். அப்புறம் பக்கத்திலேயே ஒரு நிஜக் கொலை. குடியிருப்பை விரிவாக்க, பழைய கல்லறைத் தோட்டத்தைத் தோண்ட பில்டர் ஆளனுப்பும்போது பெரியவர்கள் வழியை மறித்து நிற்கும் காட்சியில் எனக்கு நம்முடைய பார்க்கிங் விவகாரம் ஞாபகம் வந்தது. (செயலாளர் மன்னிக்கவும்.)

துப்பறியும் கதை என்ற கணக்கில் முழு மார்க் போட மாட்டேன். முடிச்சுகள் அதிகம், தடயங்களை வைத்து நாமே கண்டுபிடிக்கும் வாய்ப்பு குறைவு. கணேஷ், வசந்த்தோடு வளர்ந்தவர்கள் இதில் கொஞ்சம் ஏமாறலாம். ஆனால் ஜாய்ஸின் டைரிப் பக்கங்களுக்காகவே மறுபடி படிக்கலாம். எலிசபெத்தின் கணவருக்கு நினைவு மங்கிக்கொண்டே வருகிறது. அவரோடு அவள் வழக்குகளைப் பேசும் இடங்களில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்சநேரம் பால்கனியில் நின்றேன். இதையும் எழுத வேண்டும், குறையையும் எழுத வேண்டும். கொலையாளி யார் என்று மட்டும் எழுதக் கூடாது. சென்ற மாதம் ஒருவர் பென்சிலில் எழுதி வைத்திருந்தார். யார் என்று எனக்குத் தெரியும், இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

பயந்துகொண்டே படிக்க விரும்புகிறவர்களுக்கு சில்வியா மொரேனோ-கார்சியாவின் 'மெக்சிகன் காதிக்'. 1950-களின் மெக்சிகோ, மலைமேல் ஒரு பழைய பங்களா, அங்கே வாழ்க்கைப்பட்டுப்போன உறவுக்காரப் பெண்ணிடமிருந்து பதற்றமான ஒரு கடிதம். முதல் பாதி மெதுவாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி படிக்காதீர்கள்.

அறிவியல் கதைக்கு ஆண்டி வெய்ரின் 'புராஜெக்ட் ஹெய்ல் மேரி', 2021. விண்கலத்தில் தனியாகக் கண்விழிக்கும் ஒருவருக்குத் தன் பெயரே நினைவில்லை. பள்ளி அறிவியல் ஆசிரியரான அவர் கணக்குப் போட்டுப் போட்டே நிலைமையைத் தெரிந்துகொள்கிறார். மனிதர்களை ஆழமாகப் பார்க்கும் நாவல் இல்லை, ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இருக்க வேண்டிய புத்தகம். நடுவில் ஒரு நட்பு வருகிறது. யாரோடு என்று சொல்ல மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பி பிளாக் அம்மா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். காபி கொடுத்தார். "இப்பவாவது முழுசாப் படிச்சீங்களா?" என்றார். படித்தேன் என்றேன். நீங்களும் நாலு வரி எழுதித் தாருங்கள் என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றிருக்கிறார். என் பழைய இரண்டு வார்த்தையை நான் கிழிக்கவில்லை. எதிர்ப்பக்கத்தை அவருக்காகக் காலியாக விட்டிருக்கிறேன். தயவுசெய்து வேறு யாரும் அதில் எழுத வேண்டாம்.