தாய்மொழியும் பள்ளிக்கூட வாசலும்



சிறுபான்மைச் சமூகத்துப் பெண்பிள்ளை ஒருத்திக்குப் பள்ளிக்கூடம் பிழைப்புக்கு வழிகாட்டுவதோடு நிற்பதில்லை. ஊரார் அவளை எவ்வாறு மதிக்கிறார்கள், அவள் தன்னை யாரென்று எண்ணிக்கொள்கிறாள் என்பதையும் அதுவே பெரிதும் தீர்மானிக்கிறது. இதற்குச் சான்று இந்தக் கொச்சிக் காயலிலேயே இருக்கிறது. கரையில் கூட்டம் கூட இடம் மறுக்கப்பட்ட, தலித் சமூகத்தினரான புலையர்கள் 1913இல் வள்ளங்களைப் பிணைத்து நீரின்மேல் நடத்திய மாநாடே காயல் சம்மேளனம் எனப்படுகிறது. அதற்கு முந்தைய ஆண்டில் முளவுகாடு தீவில் அந்தச் சமூகத்தில் பிறந்த தாட்சாயணி வேலாயுதன், கொச்சி அரசின் உதவித்தொகையுடன் எறணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் பயின்று, 1935இல் இந்தியாவின் முதல் தலித் பெண் பட்டதாரியானார். ஆயினும், ஆய்வுக்கூடத்தில் மேல்சாதி ஆசிரியர் ஒருவர் சோதனைகளைச் செய்துகாட்ட மறுத்ததால், பிறர் செய்வதை எட்ட நின்று பார்த்தே அவர் கற்க நேர்ந்தது. வாசலைத் திறந்துவிட்டதும், உள்ளே வந்தவரைத் தள்ளி நிறுத்தியதும் கல்வி நிலையமே. அத்தடையையும் மீறி, 1946இல் அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்த ஒரே தலித் பெண் தாட்சாயணியே.

உள்ளே வந்தவரைத் தள்ளி நிறுத்தும் அந்த இடைவெளி இன்று மொழியின் வடிவிலும் வருகிறது. டச்சுக்காரர் காலத்தில் படையினரின் துணி வெளுக்க வரவழைக்கப்பட்டோரின் வழிவந்த தமிழ் வண்ணார்கள், ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்னும் பகுதியிலுள்ள தோபிகானா என்ற சலவைக்கூடத்தில் இன்றும் தொழில் செய்கிறார்கள். கோயில் தேவஸ்வத்தின் துணையோடு கொங்கணியரும், வணிகத்தின் வலிமையால் குஜராத்தியரும் மட்டாஞ்சேரியில் தங்களுக்கெனப் பள்ளிகள் நிறுவினர். துறையில் துணி வெளுத்தவர்களுக்கு அந்த வசதி ஏது?

1956இல் சேர்க்கப்பட்ட அரசியலமைப்பின் 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் வழங்க வசதி செய்யுமாறு கூறுகிறது. இதற்கு அடிப்படையான, கல்வி அமைச்சர்கள் மாநாட்டின் 1949ஆம் ஆண்டுத் தீர்மானமோ வகுப்பில் 10 பேர் அல்லது பள்ளியில் 40 பேர் என்று வரம்பு வகுத்ததால், பல பள்ளிகளில் சிதறிக் கிடக்கும் பிள்ளைகள் எந்தக் கணக்கிலும் அகப்படுவதில்லை. எறணாகுளம் மாவட்ட நிர்வாகம் 2017இல் தொடங்கிய ரோஷ்னி திட்டமோ, புலம்பெயர்ந்த தொழிலாளரின் பிள்ளைகளுக்கு அவர்களுடைய தாய்மொழியின் துணையோடு மலையாளம் கற்பித்தது. தாய்மொழி தடையன்று, ஏணி என்பதை அரசுப் பள்ளியே இவ்வாறு ஏற்றுக்கொண்டுவிட்ட பிறகு, தமிழ்ப் பிள்ளைகளைப் பள்ளிவாரியாக அல்லாமல் வட்டாரவாரியாகக் கணக்கெடுத்து ஒரே பள்ளியில் தமிழ் வகுப்பு நடத்துவது இயலாத காரியமன்று. வீட்டுமொழிக்காக வெட்கப்படாமல், நாட்டுமொழியில் தேர்ந்து, விரும்பிய தொழிலைத் தெரிந்தெடுக்கும் உரிமையை வெளுப்பவர் வீட்டு மகளுக்கும் உறுதி செய்யுமாறு மட்டாஞ்சேரித் தமிழரின் இந்த அவை அரசைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.