இரண்டு பெயரும் நான்தான்: வெளிநாட்டுப் பயணமும் பெண்களின் ஆவணங்களும்

(மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்களுக்கான அரசு சேவைகள் விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பேச ஆரம்பிப்பதற்கு முன்னாடி ஒரு கேள்வி. உங்களில் எத்தனை பேருக்குப் பள்ளிச் சான்றிதழில் ஒரு இனிஷியலும், ஆதாரில் வேறு இனிஷியலும் இருக்கு? கை தூக்குங்க பார்க்கலாம்... பாதிக்கு மேல இருக்கு. பரவாயில்லை, எங்க அம்மாவும் இந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் கை தூக்கியிருப்பாங்க.

அவங்க கதையில இருந்தே தொடங்குறேன். என் அக்கா சிங்கப்பூரில் இருக்கிறாள். அவளுக்குத் தலைப்பிரசவம். அம்மா ஒரு மாதமாகவே தயாராகிக்கொண்டிருந்தார். பிரசவ லேகியம், சுக்கு, பூண்டு, பழைய பருத்திச் சேலையைக் கிழித்து மடித்த துணி என்று பெட்டி நிறைந்துவிட்டது. ராத்திரி விமானம். சென்னை விமான நிலையத்தில் கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அம்மா, டிக்கெட்ல வேற பேர் இருக்கே, இது யாரு?" என்று கேட்டார். அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "அதுவும் நான்தாம்மா, இதுவும் நான்தான்."

அம்மாவின் பெயரை இங்கே வள்ளி என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட் எடுத்தபோது பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கொடுத்தோம். அதில் தாத்தா பெயரின் இனிஷியல். அதனால் பாஸ்போர்ட்டில் வள்ளி கருப்பையா. ஆதார் எடுத்தது கல்யாணத்துக்கு ரொம்ப வருஷம் கழித்து. அதில் அப்பா பெயரோடு வள்ளி சுப்பிரமணியன். விசாவுக்கு பாஸ்போர்ட் நகல் போனது, விசா சரியாக வந்தது. டிக்கெட் போடும்போது அத்தான், "அத்தை பேர் எப்படி இருக்குன்னு ஒரு ஐடி அனுப்பு" என்று கேட்டார். கைப்பேசியில் இருந்த ஆதார் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியவள் நான்தான். ஊருக்கெல்லாம் ஆவணங்களைப் பற்றி எழுதுவது என் வேலை. சொந்த அம்மாவின் டிக்கெட்டை ஒருமுறை சரிபார்க்கவில்லை.

ஒரு எழுத்துப் பிழை என்றால் பல விமான நிறுவனங்கள் திருத்திக் கொடுக்கும். சர்நேம் முழுசாக மாறினால் அதை வேறொரு பயணியாகத்தான் பார்ப்பார்கள். அன்றைக்கு அம்மா ஏறவில்லை. கவுண்டர் ஊழியர் மேல் தப்பே கிடையாது. தப்பு எங்க வீட்டில்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருது? நம்ம வழக்கத்தில் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று பெரும்பாலும் கிடையாது. சொந்தப் பெயர், அதற்கு முன்னால் இனிஷியல். கல்யாணத்துக்கு முன் அப்பாவின் எழுத்து, பின் கணவரின் எழுத்து. உள்ளூரில் இதனால் பெரிய சிக்கல் வராது. ஆனால் பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, விரித்து எழுத வேண்டும். "கிவன் நேம்", "சர்நேம்" என்று இரண்டு கட்டங்கள். நம்ம இனிஷியல் விரிந்து போய் சர்நேம் கட்டத்தில் உட்கார்ந்துகொள்கிறது. வெளிநாட்டு அதிகாரிக்கு அது உங்கள் குடும்பப் பெயர். வள்ளி கருப்பையாவும் வள்ளி சுப்பிரமணியனும் அவருக்கு இரண்டு வெவ்வேறு பெண்கள்.

பாஸ்போர்ட்டை எடுத்து, போட்டோ இருக்கிற பக்கத்தின் அடியைப் பாருங்க. எழுத்தும் அம்புக்குறி மாதிரி அடையாளங்களும் கலந்து இரண்டு வரி இருக்கும். வரிக்கு 44 இடங்கள். குடியேற்றக் கவுண்டரில் இயந்திரம் படிப்பது இதைத்தான். முதல் வரியில் சர்நேம் முன்னால் வரும், இரண்டு அம்புக்குறி தாண்டி கிவன் நேம் வரும். உங்கள் பெயரை உலகம் எப்படிப் பிரித்துப் படிக்கிறது என்று அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இப்போ முக்கியமான விஷயம். வெளிநாட்டுப் பயணத்துக்குப் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டியவை மூன்று: பாஸ்போர்ட், விசா, விமான டிக்கெட். ஆதாரும் பான் கார்டும் ரேஷன் கார்டும் வேறு பெயரில் இருந்தால் அதற்காக யாரும் விமானத்தில் ஏறவிடாமல் தடுக்க மாட்டார்கள். சர்வதேசப் பயணத்தில் உங்கள் அடையாளம் பாஸ்போர்ட்தான். டிக்கெட் போடும்போது பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இருக்கிற எழுத்தை அப்படியே அடியுங்கள். மருமகனோ ஏஜென்டோ டிக்கெட் போட்டால் பாஸ்போர்ட் பக்கத்தை மட்டும் அனுப்புங்கள். டிக்கெட் வந்ததும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு நிமிஷ வேலை.

அடுத்து, பலரும் கேட்கிற கேள்வி: "கல்யாணம் ஆயிடுச்சு, பாஸ்போர்ட்ல பேரை மாத்தியே ஆகணுமா?" வேண்டாம். திருமணமானால் பெண் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. பிறந்த வீட்டுப் பெயரிலேயே ஆயுசுக்கும் பயணம் செய்யலாம். இன்னொன்றையும் கவனிங்க. கணவர் பெயரைப் பாஸ்போர்ட் விவரங்களில் சேர்ப்பது வேறு, உங்கள் பெயரை மாற்றுவது வேறு. விண்ணப்பத்தில் கணவர் பெயருக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. அதை நிரப்பினாலும் உங்கள் பெயர் அப்படியே இருக்கும். கணவரோடு குடியேறப் போகிற பெண்களுக்குப் பல நேரங்களில் இதுவே போதுமானது.

மாற்றத்தான் வேண்டும் என்று முடிவு செய்தால் தாராளமாக மாற்றலாம். ஆனால் வரிசை முக்கியம். முதலில் திருமணப் பதிவு. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009இன்படி எந்த மதமானாலும் திருமணத்தைப் பதிவு செய்வது கட்டாயம். 90 நாட்களுக்குள் செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை செய்யலாம். எங்க அம்மா மாதிரி அந்தக் காலத்துக் கல்யாணம் என்றால், இந்துத் திருமணச் சட்டம் 1955இன் கீழ் பழைய திருமணத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வழி உண்டு. பலரும் இந்தச் சான்றிதழை ஒரு சம்பிரதாயம் என்று நினைக்கிறோம். உண்மையில் அதுதான் பாலம். அப்பா பெயரோடு இருக்கிற நீங்களும், கணவர் பெயரோடு இருக்கிற நீங்களும் ஒரே ஆள் என்று சொல்கிற ஒரே தாள் பெரும்பாலும் அதுதான்.

சான்றிதழ் வந்த பிறகு ஆதார். கவனம், ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். அவசரப்பட்டு ஒரு வாய்ப்பை வீணாக்க வேண்டாம். பிறகு பான், வங்கிக் கணக்கு. அதன் பிறகு பாஸ்போர்ட். பாஸ்போர்ட்டில் பேனாவால் திருத்துகிற கதை கிடையாது. "மறு வெளியீடு" என்ற பிரிவில் விண்ணப்பித்துப் புதுப் புத்தகமே வாங்க வேண்டும், எண்ணும் மாறிவிடும். 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரண முறையில் கட்டணம் 1,500 ரூபாய், தட்கலில் கூடுதலாக 2,000 ரூபாய். சென்னை, மதுரை, திருச்சி, கோவை என்று நான்கு மண்டல அலுவலகங்கள் நம் மாநிலத்தில் இருக்கின்றன. திருமணச் சான்றிதழ் இல்லாமல் கணவர் பெயரைச் சேர்க்க விரும்புகிறவர்களுக்கு, தம்பதியர் சேர்ந்து எடுத்த புகைப்படத்தை ஒட்டி இருவரும் கையெழுத்திடும் உறுதிமொழிப் படிவம் பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் உள்ளது. இனிஷியல் மட்டும் இல்லாமல் சொந்தப் பெயரையே மாற்றுகிறவர்கள் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை வழியாகத் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட்டுக்கொள்ள வேண்டும்.

கணவரைப் பிரிந்த சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. 2016 டிசம்பரில் வந்த விதிமாற்றத்துக்குப் பிறகு, பிரிந்தவர்களும் மணமுறிவு பெற்றவர்களும் விண்ணப்பத்தில் கணவர் பெயரை எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. கவுண்டரில் யாராவது கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள்.

பழைய பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் விசா இருந்தால்? பழைய புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டையும் சேர்த்து எடுத்துப் போக வேண்டியிருக்கும். ஆனால் பெயரே மாறியிருந்தால் நாட்டுக்கு நாடு விதி வேறுபடும். அமெரிக்காவை எடுத்துக்கொண்டால், புதுப் பெயரில் புது விசா எடுப்பதையே அவர்கள் பரிந்துரைக்கிறார்கள். ஆகவே, விசா கையில் இருக்கும்போதோ பயணத் தேதி நெருங்கும்போதோ பெயர் மாற்றத்தைத் தொடங்க வேண்டாம். போய் வந்து நிதானமாகச் செய்யுங்கள்.

சர்நேம் கட்டமே காலியாக இருக்கிறவர்களுக்கும் எச்சரிக்கை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா, விசிட் விசாவில் வருவோரை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்போம் என்று பிறகு விளக்கம் வந்தது. துபாய்க்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் டிக்கெட் போடும் முன்பே விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தையோடு தனியாகப் போகிற தாய்மார்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் பாஸ்போர்ட்டில் உங்கள் அப்பா பெயர், பிள்ளையின் பாஸ்போர்ட்டில் அதன் அப்பா பெயர். இருவருக்கும் சர்நேம் வேறு. "இது உங்க குழந்தைதானா?" என்று கேள்வி வரலாம். பிறப்புச் சான்றிதழின் ஆங்கில நகலைக் கைப்பையிலேயே வையுங்கள். கனடா போன்ற நாடுகள், கூட வராத பெற்றோரின் சம்மதக் கடிதத்தையும் எடுத்து வரச் சொல்கின்றன. திருமணச் சான்றிதழை அங்கே குடியேற்ற வேலைக்குத் தர வேண்டுமென்றால் மாநில அரசின் சான்றொப்பமும், அதன் மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையும் தேவைப்படும். அப்போஸ்டில் ஏற்காத நாடுகளுக்கு அந்த நாட்டுத் தூதரகத்தின் சான்றொப்பம் வாங்க வேண்டும். இதற்கெல்லாம் நாள் பிடிக்கும், முன்கூட்டியே தொடங்குங்கள்.

பேசி முடித்ததும் ஒரு பாட்டி எழுந்தார். "ஏம்மா, இத்தனை காயிதம் எங்க வச்சிருக்கோம்னே தெரியாதே, எனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்றார். அவர் பேத்தி மலேசியாவில் இருக்கிறாளாம். "பேத்தி கூப்பிடற அன்னிக்குத் தேட முடியாது பாட்டி, அதுக்குத்தான்" என்றேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

எங்க அம்மாவுக்குப் பாஸ்போர்ட் பெயரில் வேறு டிக்கெட் கிடைத்தது மூன்றாம் நாள். குழந்தை பிறந்தது அதற்கு முந்தின நாள். பிரசவ அறை வாசலில் அத்தான் தனியாக நின்றிருந்தார். அக்கா வலியில் "அம்மா எங்கே?" என்று கேட்டாளாம். இதை அம்மா என்னிடம் சொல்லவே இல்லை, அக்காவும் சொல்லவில்லை. அத்தான்தான் பிறகொரு நாள் சொன்னார். டிக்கெட் பணம் போனது மறந்துவிட்டது. இது மறக்கவில்லை.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் பாஸ்போர்ட், ஆதார், பள்ளிச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் நான்கையும் எடுத்துத் தரையில் வரிசையாகப் பரப்புங்கள். ஒவ்வொன்றிலும் உங்கள் பெயரைச் சத்தமாகப் படியுங்கள். எங்கே வேறுபடுகிறது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். திருமணச் சான்றிதழ் இல்லை என்றால் அதிலிருந்து தொடங்குங்கள். சந்தேகம் இருந்தால் பக்கத்து இ-சேவை மையத்திலோ சார்பதிவாளர் அலுவலகத்திலோ கேளுங்கள்.

"அதுவும் நான்தான், இதுவும் நான்தான்" என்று வாயால் சொன்னால் கவுண்டரில் எடுபடாது. அதைச் சொல்ல ஒரு தாள் உங்கள் கையில் இருக்கட்டும்.