எண்ணெய்ப் படலத்தின் மேல் சுழலும் எஞ்சின்



கமக்காரருக்கும் சிறு வியாபாரிக்கும் இன்று பேருதவியாய் இருப்பது பிக்கப் வண்டி. நம் நாட்டு வழக்கில் அதனைக் 'கெப்' என்போம். வெங்காய மூட்டைகளைச் சந்தைக்குக் கொண்டுசெல்வதும் அதுவே. நள்ளிரவில் நோயாளியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்வதும் அதுவே. அத்தகைய வண்டி நடுவழியில் 'டக், டக்' என ஒலி எழுப்பி நின்றுவிட்டால், ஒரு குடும்பத்தின் வருவாயும் உடன் நின்றுவிடுகின்றது. அவ்வொலிக்குக் காரணமாகக்கூடிய சிறியதோர் உறுப்பைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

எஞ்சினுள் பிஸ்டன் மேலும் கீழுமாக ஓடுகின்றது. இணைப்புத் தண்டு அவ்வோட்டத்தை வாங்கிக் கிராங்க் தண்டைச் சுழலச் செய்கின்றது. இத்தண்டு தாங்கப்படும் இடங்களிலும், இணைப்புத் தண்டுகள் அதனைப் பற்றும் இடங்களிலும் பிறைவடிவான மெல்லிய உலோக ஓடுகள் இரண்டிரண்டாகப் பொருத்தப்பட்டுள்ளன. இவற்றை நூல்கள் போதிகை என்னும். கராஜிலே பெயரிங் என்பர். முதுகு உருக்கினால் ஆனது. அதன்மேல் செம்பும் ஈயமும், அல்லது அலுமினியமும் வெள்ளீயமும் கலந்த மென்மையான உலோகம் படிந்திருக்கும். மென்மை வேண்டுமென்றே வைக்கப்பட்டது. எண்ணெயில் வரும் நுண்துகளைத் தன்னுள் புதைத்துக்கொள்ளவும், ஆபத்து வரும்போது விலைமிகுந்த தண்டுக்கு முன்னே தான் தேயவும் அம்மென்மை உதவுகின்றது.

ஆயினும் தண்டு உண்மையில் போதிகையைத் தொட்டுச் சுழல்வதில்லை. 1883ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்னும் பொறியியலாளர், புகைவண்டி அச்சுகளின் போதிகைகளைக் கொண்டு பரிசோதனைகள் நடத்தினார். போதிகையின் உச்சியில் எண்ணெய் விடுவதற்கு ஒரு துளையிட்டார். அச்சு சுழன்றபோது அத்துளைவழியே எண்ணெய் மேலே பொங்கி வழிந்தது. மரக்கட்டையால் அடைத்தார், கட்டையும் வெளியே தள்ளப்பட்டது. சுழலும் தண்டு தானே எண்ணெயை இடுக்கினுள் இழுத்து, பெரும் அழுத்தத்தை உண்டாக்கி, அதன்மேல் மிதக்கின்றது என்பது இதனால் புலனாயிற்று. இதன் கணிதத்தை 1886இல் ஒஸ்போர்ன் ரெனால்ட்ஸ் வகுத்தளித்தார்.

இவ்வுண்மையிலிருந்தே பராமரிப்பு விதிகள் அனைத்தும் பிறக்கின்றன. தண்டுக்கும் போதிகைக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் நூறில் சில பங்குகளே. அங்கே எண்ணெய் வற்றினாலும், டீசல் கசிந்து அதனை நீர்த்துப்போகச் செய்தாலும், குளிர்விக்கும் நீர் அதனுடன் கலந்தாலும், படலம் அறுந்து உலோகம் உலோகத்தைத் தொடும். பாரம் ஏற்றிய வண்டியை உயர்ந்த கியரில் வைத்து, எஞ்சின் திணறத் திணற ஏற்றத்தில் ஓட்டுவதும் தீங்கே. தண்டின் வேகம் குறையப் படலம் மெலிகின்றது. பாரமோ அப்போதுதான் மிகுகின்றது.

புதிய வண்டிக்கு இக்கவலை இல்லை என எண்ணற்க. தொழிற்சாலையில் கடைந்தபோது எஞ்சினுள் தங்கிய உலோகத் துகள்கள் போதிகைகளைக் கெடுக்கக்கூடும் என்ற காரணத்தால், 2024ஆம் ஆண்டில் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் டன்ட்ரா பிக்கப்புகள் உட்பட ஏறத்தாழ 1,02,000 வண்டிகளை மீள அழைத்தது. 2025இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், 6.2 லீற்றர் எஞ்சின் பூட்டிய பிக்கப்புகளும் பிற வண்டிகளுமாக அந்நாட்டில் ஏறத்தாழ 6 இலட்சத்தை மீள அழைத்தது. சோதனையில் தேறியவற்றுக்கு முன்னையதிலும் தடிப்பான எண்ணெய் இடுவதே பரிகாரமாக வகுக்கப்பட்டது. எண்ணெயின் தடிப்பு எத்துணை முக்கியமானது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

என் அயலவரான கமக்காரர் ஒருவர், வெங்காயப் பாரத்துடன் தம்புள்ளைக்குப் புறப்பட்டார். வழியில் எண்ணெய் விளக்கு மினுங்கியது. மெல்லிய தட்டொலியும் கேட்டது. "இன்னும் பத்துக் கட்டைதானே, போய்ச் சேர்ந்து பார்ப்போம்" என்று ஓட்டினார். ஐந்தாங் கட்டையில் இணைப்புத் தண்டு முறிந்து எஞ்சின் உடலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. ஒரு சோடிப் போதிகையோடு முடிந்திருக்கக்கூடிய செலவு ஒரு முழு எஞ்சினாயிற்று. வெங்காயமும் வெயிலில் வதங்கிற்று.

ஆகவே நேயர்களே, காலையில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை இயக்குமுன் எண்ணெய்க் கோலை எடுத்துப் பாருங்கள். விளக்கு அணைந்திருக்கிறது என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். அது அழுத்தத்தைக் காட்டுமேயன்றி அளவைக் காட்டாது. கோலில் டீசல் மணந்தாலும், எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தாலும் உடனே காரணத்தைத் தேடுங்கள். உற்பத்தியாளர் கைந்நூலில் குறித்த தரத்து எண்ணெயையே, குறித்த காலத்தில், வடிகட்டியோடு சேர்த்து மாற்றுங்கள். கழற்றிய வடிகட்டியை அறுத்து, அதன் தாளை விரித்து வெயிலில் பார்ப்பது நன்று. மினுமினுக்கும் துகள்கள் மிகுந்திருந்தால் போதிகை தேய்கின்றது என்று ஐயுறலாம்.

போதிகையை மாற்றும்போது தண்டையும் நுண்ணளவுமானியால் அளக்கச் சொல்லுங்கள். கீறல் விழுந்த தண்டில் புதுப் போதிகை நெடுநாள் நில்லாது. தண்டைக் கடைந்தால் அதற்கேற்ற குறையளவுப் போதிகை பூட்டுதல் வேண்டும். எண்ணெய் செல்லும் துளைகளைக் கழுவாது பூட்டுவது, பழைய நோயைப் புதிய உடலில் விடுவதாகும்.

ஓடும்போது விளக்கு எரிந்தாலோ, பாரத்தில் தட்டொலி கேட்டாலோ, பாதுகாப்பாக ஓரமாக்கி எஞ்சினை நிறுத்திவிடுங்கள். இழுத்துச் செல்லும் கூலி பெரிதாகத் தோன்றலாம். அந்த அயலவரைக் கேட்டால் அது சிறிது என்பார்.