பனி கரைந்ததும் வாங்கோ
(சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



கிழமையில் ஐந்து நாளும் நான் தொழிற்சாலையில் பெல்ட்டுக்கு முன்னால் நிற்பவன். பெல்ட் ஓடும் வேகத்துக்குக் கையும் ஓடவேண்டும். எங்களில் கனபேருக்குத் தெரிந்த சங்கதிதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒஸ்லோவுக்கு வடக்கே நூர்மார்க்கா காட்டுக்குள் போய்விடுவேன். ஒரு கையில் வரைபடம், மறுகையில் கொம்பாஸ். ஒரியன்டரிங் என்பார்கள். 1897இலேயே இந்த நாட்டில் இதற்குப் போட்டி வைத்திருக்கிறார்கள்.

வரைபடத்தில் வெள்ளை என்றால் ஓடக்கூடிய காடு. பச்சை கூடக்கூட அடர்த்தி. (பள்ளிக்கூட அட்லஸில் காடு முழுக்கப் பச்சைதானே!) மண்ணிறக் கோடுகள் நெருங்கினால் ஏற்றம் செங்குத்து. போட்டி வேண்டாதவர்களுக்குக் கோடைகாலம் முழுக்கக் காட்டில் அடையாளங்கள் நிற்கும். வசதியான நாளில் தேடலாம். அடுத்தது எங்கே என்ற யோசனையில் போர்மனின் முகம்கூட மறந்துபோகும்.

ஊரில் யுத்தகாலத்தில் பற்றைக்குள் வரைபடத்தோடு பிடிபட்டால் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இங்கே 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, காடு யாருடையதானாலும் எவரும் நடக்கலாம். அம்மா இன்னும் நம்பவில்லை. "தம்பி, காட்டுக்குள்ள உனக்கென்ன வேலை?" என்று போனில் கேட்கிறா.

பனி கரைந்ததும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. என்னிடம் கொம்பாஸ் இரண்டு இருக்கிறது.