இரண்டரை லட்சம் என்கிற கோடு

பட்டியல் சாதி மாணவர் ஒருவர் கல்லூரியில் சேர்ந்ததும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறார். சாதிச் சான்றிதழோடு வருமானச் சான்றிதழும் வேண்டும். பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. இந்தத் திட்டம் சுதந்திரத்துக்கும் மூத்தது.

அம்பேத்கர் 1913இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனது பரோடா மன்னர் சாயாஜிராவ் கொடுத்த பணத்தில். மன்னர் மனம் வைத்தார், ஒருவர் படித்தார். மற்றவர்களுக்கு? 1942இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானதும், அம்பேத்கர் பட்டியல் சாதியினரின் உயர்கல்விக்கு அரசே பணம் ஒதுக்க வேண்டும் என்று வைஸ்ராய் லின்லித்கோவிடம் மனு கொடுத்தார். 1944இல் 'போஸ்ட் மெட்ரிக்' உதவித்தொகை பிறந்தது.

தமிழ்நாட்டில் 2012இல் வந்த அரசாணை எண் 92 முக்கியமானது. சுயநிதிக் கல்லூரியில் படித்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது அது. பொறியியல் கல்லூரி வாசலை மிதிக்கவே தயங்கிய பிள்ளைகள் உள்ளே போனார்கள்.

பணம் யார் கொடுப்பது என்பதில்தான் சிக்கல் இருந்தது. ஐந்தாண்டுத் திட்டம் ஒன்று முடியும்போது, அதன் கடைசி ஆண்டில் எவ்வளவு செலவானதோ, அந்தத் தொகை அடுத்த ஐந்தாண்டுக்கு மாநிலத்தின் தலையில் விழுந்தது. அதற்கு மேல் ஆகும் செலவுக்கு மட்டுமே மத்திய அரசு பணம் தந்தது. அதாவது அதிகப் பிள்ளைகளைப் படிக்க வைத்த மாநிலத்துக்கு அதிகச் சுமை! இப்படி ஒரு கணக்கை யார் யோசித்தார்களோ. பணம் இழுபட்டபோது 'முதலில் நீ கட்டு' என்று கல்லூரிகள் மாணவர்களை நெருக்கியதும் நடந்தது. 2020 டிசம்பரில்தான் மத்திய அமைச்சரவை இந்தக் கணக்கை மாற்றியது. பெரும்பாலான மாநிலங்களுக்கு மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40 சதவீதம். மத்திய அரசின் பங்கு நேரே மாணவரின் வங்கிக் கணக்குக்கு.

பங்கு மாறியது, வருமானக் கோடு மாறவில்லை. 2013இல் வைத்த அதே இரண்டரை லட்சம்தான். ஆனால் 2019இல் முன்னேறிய வகுப்பினரில் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு 10 சதவீத இடஒதுக்கீடு வந்தபோது, வருமான வரம்பு 8 லட்சம். இட ஒதுக்கீடு வேறு, உதவித்தொகை வேறு என்று அதிகாரிகள் சொல்லலாம். எனக்கு அந்தச் சமாதானம் செரிக்கவில்லை. தாயும் தகப்பனும் ஆளுக்கு மாதம் 11,000 ரூபாய் சம்பளம் வாங்கினாலே ஆண்டுக்கு 2,64,000 ஆகிவிடும். பிள்ளைக்கு உதவித்தொகை இல்லை.