மதகடைக்கும் மருந்து
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியர்க்கு மருந்துப் பேச்சு எதற்கு எனச் சிலர் வினவுதல் கூடும். யாம் வைத்தியரல்லேம். எனினும், நமது சமூகத்துக் குடும்பமொன்றில் நேர்ந்ததைக் கண்டபின் வாளாவிருக்க மனம் ஒருப்படவில்லை.

பெரியவர் ஒருவர், இரத்தக் கொதிப்பின் பொருட்டு வைத்தியர் அளித்த அம்லோடிபின் என்னும் மாத்திரையை ஈராண்டுகள் உண்டுவந்தார். "கால்சியத்தைத் தடுக்கும் மருந்தாமே, எலும்பு தேய்ந்துபோகுமே" என்று யாரோ அச்சுறுத்த, தாமே அதனை நிறுத்திவிட்டார். சில மாதங்களிற் பக்கவாதம் வந்து, வலக்கையையும் பேச்சையும் கவர்ந்துகொண்டது.

அம்மருந்து செய்வதுதான் யாது? இரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள தசையணுக்களில், வாய்க்கால் மதகு போன்ற நுண்ணிய வாயில்கள் உள. அவற்றின் வழியே கால்சியம் உட்புகின் தசை சுருங்கும், குழாய் ஒடுங்கும், அழுத்தம் ஏறும். மருந்து அம்மதகுகளை அடைத்தலால் தசை நெகிழ்ந்து குழாய் விரிகின்றது, அழுத்தம் தணிகின்றது. இதயத்திற்கு உணவூட்டும் குழாய்களும் விரிதலின் மார்வலியும் குறைகின்றது. எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தை அது கவர்வதன்று. பாலையும் மோரையும் விலக்கவேண்டுவதுமில்லை.

1960-களில் ஜெர்மனியின் பிரைபர்க் நகரத்து அறிஞர் அல்பிரெக்ட் பிளெக்கன்ஸ்டைன் இவ்வுண்மையைக் கண்டறிந்தார். 1997-இல் வெளியான ஐரோப்பிய ஆராய்ச்சியொன்றில், மேலழுத்தம் மிகுந்த, 60 வயதும் அதற்கு மேலும் ஆன முதியோர்க்கு இவ்வினத்து நிட்ரெண்டிபினை முதன்மருந்தாகக் கொடுத்தமையாற் பக்கவாதம் நூற்றுக்கு 42 பங்கு குறைந்தது.

இம்மருந்து நோயை அடியோடு களைவதன்று. உண்ணும் வரையில் அடக்கி வைப்பது. அம்லோடிபின் குருதியிற் பாதியாகக் குறைய 30 முதல் 50 மணி நேரம் செல்லும். ஆதலின் நாளொன்றுக்கு ஒருவேளை போதும். ஆனால் அந்நலனே தீங்குமாகின்றது. நிறுத்தியவுடன் அழுத்தம் ஏறாது. நாட்கள் சென்று, ஓசையின்றி ஏறும். நிறுத்தியவரோ நலமென்றே எண்ணியிருப்பர்.

கணுக்கால் வீங்கலாம், முகஞ் சிவக்கலாம், தலை நோகலாம். அங்ஙனமாயின் வைத்தியரிடம் உரைமின்; அவர் அளவைக் குறைப்பர், அன்றேல் மருந்தை மாற்றுவர். அயலார் மாத்திரையை வாங்கி உண்ணன்மின். இவ்வினத்து வெரபமிலும் டில்டியாசெமும் இதயத் துடிப்பையும் தணிப்பன. எல்லார்க்கும் அவை ஒவ்வா.

அன்பர்களே! இன்றிரவு இல்லஞ் சென்றதும், பெரியோரிடம் "மாத்திரை உண்டீர்களா?" என ஒருமுறை கேண்மின். யாம் கூறிய பெரியவர் இதோ முன்வரிசையில் அமர்ந்துள்ளார். அவர் இசைவு பெற்றே இதனைச் சொன்னோம். பேச்சிழந்த அவர், இடக்கையால் எழுதிக் காட்டிய சொல், "சொல்லுங்கள்" என்பதே.