கலைவாணரின் கம்பெனியும் நமது கொடையும்
(சாத்தான்குளம் கூட்டத்தில் பேசியது)



வில்லுப்பாட்டைப் பற்றி இந்தச் சீமைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொடை என்றால் வில்லு. வில்லு என்றால் சுடலைமாடன் கதை, முத்தாரம்மன் கதை. விடிய விடியப் பாட்டு, சாமியாட்டம், கிடா வெட்டு. மறுநாள் பார்த்தால், வரி கொடுத்தவன் வீட்டில் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கக் காசிருக்காது.

இதே வில்லு முழங்குகிற மண்ணில், நாகர்கோவில் ஒழுகினசேரியில், 1908-ல் பிறந்தவர்தான் என்.எஸ்.கிருஷ்ணன். அவர் வில்லை உடைக்கவில்லை. அதே வில், அதே குடம், அதே 'ஆமாம்' போடுகிற ஆள், கதையைத்தான் மாற்றினார். மாடன் இருந்த இடத்தில் காந்தியார் வந்தார். நந்தனார் காலட்சேபத்துக்குப் பதில் 'கிந்தனார்' வந்தார். நந்தன் தில்லைக்குப் போகவேண்டுமென்று அழுதான். கிந்தனோ படிப்பதற்காகப் பட்டணத்துக்கு ரயிலேறினான். எது நமக்கு வேண்டிய யாத்திரை?

தோழர்களே! கூலிக்கு நடிக்கிறவனால் இதைச் செய்ய முடியுமா? சினிமாவில் படமெடுப்பவன் பெயர் ஒன்றாயிருக்கும், முன்பணம் விநியோகஸ்தருடையதாயிருக்கும். 'சாமியைக் கிண்டல் செய்தால் வசூல் போய்விடும்' என்று அவர் சொல்லிவிட்டால், பேசினவன் வாய் கத்தரிக்கோலுக்குப் போகும். கிருஷ்ணன் இதை அறிந்தவர். ஆகவேதான் முதலில் தனக்கென்று ஒரு குழு வைத்து, நகைச்சுவைப் பகுதியைத் தாமே தயாரித்துப் பிறர் படங்களில் சேர்த்தார். புராணப் படத்துக்குள்ளேயே புராணத்துக்கு வேட்டு! பிறகு சொந்தக் கம்பெனி. 1949-ல் 'நல்லதம்பி', வசனம் அண்ணாதுரை. 1951-ல் 'மணமகள்', வசனம் கருணாநிதி, டைரக்‌ஷன் இவரே. பெரியார் 1925-ல் ஈரோட்டில் சொந்தமாகக் 'குடி அரசு' தொடங்கியதும் இதே காரணத்துக்காகத்தானே? அடுத்தவன் பத்திரிகையில் நம் சங்கதி எத்தனை வரி வரும்?

நடுவில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. 1944 கடைசியில் கைதானவர், 1947-ல்தான் குற்றமற்றவரென்று விடுதலையானார். அந்த நாட்களில் நாடகங்கள் தொடர்ந்து நடக்கப் பாடுபட்டவர் மதுரம் அம்மையார். பெண்ணுக்கு நிர்வாகம் தெரியாதென்று சொல்லுகிற தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

கேட்டவர்க்கெல்லாம் வாரிக் கொடுத்தார். 1957-ல் 48 வயதில் இறந்தார். கடைசி நாட்களில் கஷ்டப்பட்டார். இதைச் சொல்லி அவரைக் கர்ணன் என்கிறார்கள். புராணத்தை ஒழிக்கப் பாடுபட்டவருக்குப் புராணப் பட்டமா? இதில் எனக்கு அவரிடமும் ஒரு சண்டை உண்டு. பத்துப் பேருக்குக் கொடுத்த பணத்தில் பாதியைக் கம்பெனியில் போட்டிருந்தால், அவருக்குப் பின்னும் அது பேசியிருக்கும். தர்மம் கொடுத்த கையோடு போய்விட்டது.

கொடைக்கு வரி கேட்டு உங்கள் வாசலுக்கும் வருவார்கள். வெறுமனே சண்டை போட்டு அனுப்பாதீர்கள். ஓர் இரவு கிந்தனார் கதையை வில்லில் கட்டிப் பாடுவதாயிருந்தால் பணம் தருகிறேன் என்று சொல்லுங்கள். பாடத் தெரியாதென்றால், பாட்டை எழுதிக் கொடுக்க நம் தோழர்கள் இருக்கிறார்கள்.